மண் மிதிக்கப் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மண்வீட்டுப் பட்டறைகளைப் பற்றிச் சின்னதாய் ஒரு குறிப்புப் போட்டிருந்தோம். ஒரு காணியில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தங்கி, மண் குழைத்துச் சுவர் வைத்து, வாழைக்குழி வெட்டி, மரம் நட்டு, செய்துகொண்டே கற்றுக்கொள்கிற ஒன்றுகூடல்கள். வந்த கடிதங்களில் பாதி "எங்கே, எப்போது, எவ்வளவு காசு" என்று கேட்டவை. அதை நடத்துகிறவர்களிடம்தான் கேட்கவேண்டும், இது விளம்பரப் பக்கம் இல்லை. மிச்சப் பாதியில் நல்ல கேள்விகள் இருந்தன, சில சண்டைக் கேள்விகளும் இருந்தன. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

மூன்று நாள் பட்டறையில் சேர்ந்தால் சொந்தமாக வீடு கட்டலாம் என்கிறார்கள். காசும் கட்டவேண்டும். போகலாமா? – வாசகி, மாங்குளம்

போங்கள் தங்கச்சி, ஆனால் வீடு கட்டத் தெரிந்துகொண்டு வரலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். மூன்று நாளில் உருப்படியாகக் கற்கக்கூடியது இவ்வளவுதான்: மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து அது எப்படிப்பட்டது என்று சொல்வது, அதற்கு மணல் போடவேண்டுமா வைக்கோல் போடவேண்டுமா என்று தீர்மானிப்பது, காலால் மிதித்துச் சரியான பதத்துக்குக் கொண்டுவருவது, அச்சில் பச்சைக்கல் (சுடாத மண்கல்) அரிவது, ஒரு குந்தோ அடுப்படியோ கட்டி முடிப்பது. அத்திவாரம், கூரை, கதவு நிலை வைக்கிற இடம், மூலை பிணைக்கிற விதம் எல்லாம் மூன்று நாளில் அடங்காது. ஈரமண் சுவரை ஒரு நாளில் ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடிக்குமேல் உயர்த்தவும் முடியாது, அடியில் உள்ளது பாரம் தாங்காமல் பிதுங்கிவிடும். அதனால் மூன்றாம் நாள் பின்னேரம் முழுச்சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள் என்றால் அந்தச் சுவரின் பெரும்பகுதியை யாரோ முன்கூட்டியே கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும்.

காசு கட்டுமுன் நாலு விஷயம் விசாரியுங்கள். கற்பிக்கிறவர் கட்டிய கட்டடம் ஏதாவது இரண்டு மாரி தாண்டி நிற்கிறதா, அதைப் போய்ப் பார்க்க விடுவார்களா? நீங்கள் உங்கள் வளவு மண்ணை ஒரு பையில் கொண்டுபோனால் அதையும் சோதித்துப் பார்ப்பார்களா? பட்டறை முடிந்த பிறகு அந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம், யார் பராமரிப்பார்? கட்டணத்தில் சாப்பாடு, தங்குமிடம் போக மிச்சம் எதற்குப் போகிறது? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் வீட்டிலேயே இருங்கள். ஊரில் இருக்கிற ஒரு பெரியவருக்கு நாள்சம்பளம் கொடுத்து வளவிலேயே கோழிக்கூடு ஒன்று கட்டச்சொல்லிக் கூட நின்று செய்யுங்கள், அதுவும் பட்டறைதான்.

எங்கள் மண் கறுப்பு. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழைக்கு ஒட்டும். இதில் மண்வீடு கட்டலாமா? – வாசகர், முருங்கன்

வன்னி முழுவதும் ஒரே மண் என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர்களிடம் முதலில் காட்டவேண்டிய மண் உங்களுடையதுதான். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அதற்குக் களி போனதே முருங்கன் பக்கத்திலிருந்துதான். அவ்வளவு களி. ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும், அதனால் அதைத் தனியே எடுத்துச் சுவர் வைத்தால் காயும்போதே பிளந்துவிடும். சுவர் மட்டுமில்லை, அந்த நிலத்தில் ஆழமில்லாத அத்திவாரம் போட்ட சீமெந்துக்கல் வீடுகளிலும் யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துச் செம்மண்காரருக்கு அந்தக் கவலை குறைவு. அவர்களுடைய மண்ணில் பல இடங்களில் களியும் மணலும் ஏற்கெனவே கலந்தே கிடக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்துக்குப் போனால் கதை தலைகீழ், வெறும் மணல், ஒட்டுவதற்கே ஒன்றுமில்லை.

சோதிக்கிற முறை எளிது. நேரான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் போட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இருந்துவிடும், வண்டல் சில மணித்தியாலத்தில், களி படிய ஒரு நாளாவது ஆகும். மூன்று படையையும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். களி 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் அநேகமாக வேலைக்கு ஆகும். மேல்மண்ணை எடுக்காதீர்கள், அது மரக்கறிக்கு உரியது, அதற்குள் வேரும் இலைக்குப்பையும் இருக்கும். ஒன்று ஒன்றரை அடி தோண்டி அதற்குக் கீழே உள்ளதை எடுங்கள்.

ஆனால் போத்தல் சொல்வதை முழுதாக நம்பிவிடாதீர்கள், களியிலும் ஊதுகிற களி ஊதாத களி என்று இருக்கிறது. கடைசித் தீர்ப்பு பச்சைக்கல்லுக்குத்தான். ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் வைக்கோல் போட்டும் போடாமலும் ஆறு கல் அரிந்து, எது எது என்று ஈர்க்கால் கீறி அடையாளம் வைத்து, நிழலில் மூன்று நாலு கிழமை காயவிடுங்கள். வெடிப்பு எதில் குறைவு, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் எது உடையவில்லை, மூலையில் தண்ணீர் சொட்டவிட்டால் எது கரையத் தாமதிக்கிறது என்று பாருங்கள். உங்கள் கறுப்புமண்ணுக்கு மணல் கூடத்தான் வேண்டிவரும், மணலுக்கு இப்போது பெர்மிற்றும் டிப்பர்க்காசும் வேண்டும், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் செம்மண் கிரவலை வெளியிலிருந்து இறக்கி, உங்கள் களியை அதை ஒட்டவைக்க மட்டும் கொஞ்சமாய்ச் சேர்ப்பது மலிவாய் வரலாம். அத்திவாரம் மட்டும் அந்த வெடிப்புப் படைக்குக் கீழே இறங்கவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கரையோர மணல்காரருக்கு ஒரு வழி: கோடையில் வற்றிக் கிடக்கிற சிறுகுளத்தின் வண்டல். கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டு எடுங்கள், குளத்தின் வயிற்றிலிருந்து எடுங்கள், குளக்கட்டில் கைவைக்காதீர்கள். கறையான் புற்றுமண்ணும் அருமையான மண்தான், மெழுகுவதற்கு அதைவிட நல்லதில்லை. பாம்பு குடியிருக்கிற புற்றை விட்டுவிடுங்கள், நாகதம்பிரானுக்குப் பயந்தென்றாலும் சரி, பாம்புக்குப் பயந்தென்றாலும் சரி.

2018 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மண்சுவராய் இருந்திருந்தால் என்ன கதி? இதைப் படிப்பிக்கிறவர்கள் வெள்ளத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. – வாசகர், கண்டாவளை

கரைந்திருக்கும் ஐயா. அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அந்த மாதம் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது நின்ற தண்ணீரையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்ததையும் பார்த்தவர்களுக்கு "மண்வீடு ஆயிரம் வருடம் நிற்கும்" என்ற பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும்.

மேலிருந்து விழுகிற மழை வேறு, கீழே தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு. முதலாவதை மண்சுவர் தாங்கும். கூரை இறவாரம் மூன்று அடியாவது வெளியே நீண்டு, வாடைக்காற்று அடிக்கிற வடகிழக்குப் பக்கத்தில் ஒரு திண்ணையோ பத்தியோ இறக்கி, சுவர் நிலத்திலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் கல் அத்திவாரத்தின்மேல் தொடங்கினால், தெறிக்கிற துளி சுவரில் படாது. பட்டு அரித்தாலும் தைப்பொங்கலுக்கு முன் ஒருமுறை பூசி மெழுகினால் சரியாய்ப் போகும், எங்கள் ஆட்கள் காலாகாலமாய்ச் செய்ததுதான். இரண்டாவதை மண்சுவர் தாங்காது. அடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால் களி இளகும், இளகினால் மேலே உள்ள பாரம் அதை உட்காரவைத்துவிடும். வெள்ளத்தில் விழுகிற மண்சுவர் மெதுவாக விழுவதில்லை, உள்ளே ஆள் இருந்தால் உயிர் போகும்.

ஆகவே உங்கள் வளவில் வெள்ளம் எதுவரை வந்தது என்ற கோடு தெரியும்தானே, அதற்குமேல் ஓர் அடி வரை கருங்கல்லோ செங்கல்லோ சீமெந்துச் சாந்தில் கட்டுங்கள், பாரத்தைக் கப்புகள் (மரத்தூண்கள்) தாங்கட்டும், மண் அதற்குமேல் கப்புகளுக்கிடையில் அடைப்பாக மட்டும் வரட்டும். வன்னியில் பழைய வீடுகள் அநேகம் அப்படித்தான்: முதலில் கப்பு நட்டு, வளை ஏற்றி, கூரையைப் போட்டுவிட்டு, பிறகு நிழலில் நின்று வரிச்சு கட்டி மண் அப்புவார்கள். கூரை சுவரில் தங்கியிருக்காது. சுவர் கரைந்தாலும் வீடு நிற்கும், தண்ணீர் வடிந்தபிறகு திரும்ப அப்பலாம். வெளியூர்ப் பட்டறைகளில் அநேகமாகத் தடித்த, பாரம் தாங்குகிற மண்சுவரைத்தான் முதலில் கற்பிப்பார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். இடுப்பளவு தண்ணீர் வந்த வளவுக்கு அது ஏற்றதில்லை. இடுப்புக்குமேல் வருகிற இடமென்றால் அங்கே வீடே வேண்டாம், மண்ணாலும் வேண்டாம், சீமெந்தாலும் வேண்டாம்.

மாதக் கணக்கும் இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து மாசி பங்குனியில் வைக்கோல் மலிவு, அப்போது கல் அரியத் தொடங்கலாம், சித்திரை மழைக்கு மூட ஒரு படங்கு கைவசம் இருக்கட்டும். சுவர் வைகாசியிலிருந்து ஆவணிக்குள். புரட்டாதிக்குள் கூரை மூடியிருக்கவேண்டும், ஏனென்றால் ஐப்பசி பிறந்தால் யாரும் உத்தரவாதம் தரமுடியாது. சோளகம் அடிக்கிற நாட்களில் பூச்சு வேலை செய்யாதீர்கள், செய்தால் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுச் செய்யுங்கள். அந்தக் காற்று மேற்தோலை மட்டும் காயவைத்து உள்ளே ஈரத்தை விட்டுவிடும், அடுத்தநாள் பார்த்தால் சுவர் முழுக்க வெடிப்பு. ஒக்டோபரில் மண்வீட்டுப் பட்டறை வைக்கிறோம் என்று வன்னியில் யாராவது அறிவித்தால் அவருக்கு நாட்காட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கறையான்? – வாசகர், நெடுங்கேணி

ஒரு சொல் கேள்விக்கு நாலு வரிப் பதில். கறையான் மண்ணைத் தின்பதில்லை, மரத்தையும் ஓலையையும் வைக்கோலையும் தேடி மண்ணுக்குள்ளால் வரும். அதனால் கல் அத்திவாரத்தின்மேல் ஒரு சீமெந்துப் படை, மரம் நிலத்தைத் தொடாமல் இருப்பது, கப்புக்குப் பாலையோ முதிரையோ வைரம் பாய்ந்த பனையோ. காட்டில் தறிக்கப் போகாதீர்கள், வனத்திணைக்களம் வழக்குப் போடும். கிடுகுக் கூரையை அடுப்புப் புகை படுகிறமாதிரி வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள்.

புதுக்குடியிருப்பில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. வருகிற யூலையில் இங்கிருந்து நண்பர்களைக் கூட்டிவந்து இரண்டு கிழமை இயற்கைக் கட்டடப் பட்டறை ஒன்று நடத்த விருப்பம். ஊருக்கும் உதவியாக இருக்கும். ஆலோசனை? – வாசகர், ரொறன்ரோ

நல்ல எண்ணம் தம்பி, கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

மண்வெட்டி படுமுன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பக்கத்து வளவில் ஆட்கள் பயிர் செய்கிறார்கள் என்பது உங்கள் வளவுக்குச் சான்றில்லை. விடுவித்த காணியிலும் பழைய பங்கர் மூடின இடம், வேலியோரப் பற்றை இதெல்லாம் தோண்டும்போது கவனம். எதையாவது கண்டால் தொடாமல், குறி வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப்போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணை அரிதட்டில் அரிக்காமல் யாரையும் வெறுங்காலால் மிதிக்கவிடாதீர்கள், இரும்புத் துண்டும் கண்ணாடியும் அந்த ஊர் மண்ணில் இன்னும் கிடக்கிறது. வருகிறவர்கள் ஏற்புத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காலில் புண் உள்ளவர் குளத்து வண்டலில் இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

யூலை என்றால் வைக்கோல் கிடைக்கும், மழை இராது, சுவருக்கு நல்ல மாதம். ஆனால் கிணறு? பதினைந்து பேர் குளித்துச் சமைத்து மண்ணும் குழைத்தால் கோடைக் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடும், பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் குறையும், அங்கேதான் ஊரோடு முதல் மனக்கசப்பு வரும். குறைந்தது இரண்டு கழிப்பறை கட்டி முடித்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இனி, ஊருக்கு உதவி என்ற பேச்சு. கனடாவில் கட்டணம் வாங்கி, புதுக்குடியிருப்பில் மண் குழைத்து, முகநூலில் படம் போட்டு, திரும்பிப் போனால் ஊருக்கு ஒரு முடியாத சுவர்தான் மிச்சம். ஊர் மேசன் இரண்டு பேர், கூரை வேயத் தெரிந்த ஒருவர், மெழுகத் தெரிந்த அம்மா ஒருவர், இவர்களுக்கு இரண்டு கிழமைக்கும் முழுநாட் சம்பளம் கொடுத்து ஆசிரியராக வையுங்கள், உதவியாளராக இல்லை. ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கட்டணமில்லாத இடம். கட்டுகிறது உங்கள் விடுமுறைக் குடிலாய் இல்லாமல் முன்பள்ளிக்கு ஒரு நிழற்கொட்டிலாய் இருந்தால் நீங்கள் போனபிறகும் யாராவது அதற்கு மெழுகுவார்கள். வெள்ளைக்காரர் வந்தால் வன்னி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு உபசரிக்கத் தொடங்கிவிடுவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். தேத்தண்ணி கொடுத்துக் கொடுத்தே அரைநாள் போய்விடும்.

பெர்மாகல்ச்சர் என்று வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் அம்மம்மா செய்ததைத்தானே புதுப்பெயரில் விற்கிறார்கள்? இயற்கை விவசாயம் என்ற பேச்சைக் கேட்டாலே 2021 நினைவுக்கு வருகிறது. – வாசகி, தர்மபுரம்

2021இல் நடந்ததும் இதுவும் ஒன்றில்லை அம்மா. அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே கையெழுத்தில் நிறுத்தினார்கள், மண்ணைப் பழக்க அவகாசம் இல்லை, மாற்று உரம் இல்லை, நவம்பரில் திரும்ப எடுத்தார்கள், இடையில் அடிபட்டது நெல் விதைத்தவன். பெர்மாகல்ச்சர் என்பது வீடு, தண்ணீர், மரம், ஆடு மாடு எல்லாம் ஒன்றுக்கொன்று உதவுகிறமாதிரி வளவை ஒழுங்குபண்ணுகிற முறை. அவர்களின் முதல் பாடமே ஒரு வருடம் காணியைப் பார், பிறகு கைவை என்பது. 1970களில் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிறனும் தொடங்கிவைத்தது, 1978இல் முதல் நூல் வந்தது, உலகம் முழுக்க 72 மணித்தியால வகுப்பு ஒன்று அதற்கு இருக்கிறது.

அம்மம்மா கேள்விக்குப் பாதி ஆம். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் வாழை, சமையல் வாசலில் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும், வேலியில் கிளுவையும் பூவரசும், அதன் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும். எதை அடிக்கடி பறிக்கவேண்டுமோ அது வாசலுக்குக் கிட்ட, எதை எப்போதாவது பார்த்தால் போதுமோ அது பின்வளவில் என்று வட்டம் போட்டு அவர்கள் கற்பிப்பது இதைத்தான். ஊரளவிலும் அப்படியே, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழிகிற எங்கள் உலர்வலயக் குளத்தொடர்களை 2017இல் உலக உணவு விவசாய அமைப்பு விவசாய மரபுரிமை என்று ஏற்றுக்கொண்டது.

மீதிப் பாதி இல்லை. அம்மம்மா காலத்தில் வளவைச் சுற்றிக் காடு இருந்தது, மேல்மண் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். இப்போது புல்டோசர் தள்ளிய வெறுங்காணியில் நிற்கிறீர்கள். மட்டம் பார்க்கிற முக்கோணச் சட்டம் ஒன்று இரண்டு தடியும் ஒரு குறுக்குத் தடியும் ஒரு தூக்குக் கயிறும் வைத்து ஒரு மணித்தியாலத்தில் செய்யலாம், அதை வைத்து ஒரே மட்டத்தில் மண் வரம்பு போட்டு மாரித் தண்ணீரை ஓடவிடாமல் நிலத்துக்குள் இறக்கலாம், வரம்பில் சீமைக்கிளுவை நட்டு வருடம் இரண்டு மூன்று தடவை வெட்டி அப்படியே போட்டால் மண் உயிர்பெறும். இதை அம்மம்மா செய்யவில்லை, செய்யவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. கற்றுக்கொள்வதில் என்ன குறை?

ஆனால் அவுஸ்திரேலியப் பாடத்தில் யானை இல்லை. காட்டோரக் காணியில் வாழைவட்டம், தென்னை, பலா என்று ஒரே இடத்தில் அடுக்கி உணவுக்காடு வளர்த்தால் சாப்பிடப் போவது நீங்கள் இல்லை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காட்டுக்கரையில் தோடை, எலுமிச்சை, எள் என்று யானை அவ்வளவாய் விரும்பாததை வைத்து, வாழையை வீட்டுக்கு ஒட்டி வையுங்கள். அறுவடை முடிந்தால் அவிழ்த்துவிடுகிற மாட்டுக்கு வேலியும் வேண்டும். மூடாக்குப் போடுகிறோம் என்று பார்த்தீனியத்தை விதையோடு வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்குப் போனோம். ஆண்கள் சுவர் வைக்க, எங்களைச் சமையலுக்கு அனுப்பினார்கள். – இரு வாசகிகள், முழங்காவில்

அடுத்தமுறை அகப்பையை ஒழுங்கமைப்பாளர் கையில் கொடுத்துவிட்டு மண்ணில் இறங்குங்கள். சமையலை எல்லோரும் முறைவைத்துச் செய்யாத பட்டறைக்குக் காசு கட்டவே கூடாது என்பது என் அபிப்பிராயம். சாணியும் மண்ணும் எந்த அளவில் கலந்தால் வெடிக்காது என்பது இந்த ஊரில் பெண்களுக்குத்தான் தெரியும், அந்தப் பாடத்தை நடத்தவேண்டியவர்களையே அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் மேசன். 2022இல் சீமெந்து விலை ஏறி வேலையே நின்றுபோனது. மண்வேலை பழகினால் பிழைக்கலாமா? வீட்டுத்திட்டத்தில் இதை ஏற்பார்களா? – வாசகர், துணுக்காய்

இரண்டாவதற்கு முதலில். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாய் வந்தது நினைவிருக்கும், அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, சுவர் முடிந்தால் இவ்வளவு என்று. அப்படிப்பட்ட திட்டங்களில் அதிகாரி பார்க்க வருவது வரைபடத்தில் உள்ளதைத்தான். பாதியில் மண்ணுக்கு மாறினால் அடுத்த கட்டக் காசு நிற்கலாம், அந்தப் பரிசோதனையை ஏழைக் குடும்பத்தின் தலையில் செய்யாதீர்கள். 65,000 பொருத்து வீடுகள் என்று இரும்பில் அரசாங்கம் கொண்டுவரப் பார்த்தபோது இந்த வெக்கைக்கு ஆகாது, ஊர் ஆட்களுக்கு வேலையும் இல்லை என்று எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. அதே நியாயத்தில் மண்ணுக்கும் இடம் கேட்கலாம், ஆனால் திட்டம் எழுதும்போது கேட்கவேண்டும், சுவர் பாதியில் நிற்கும்போது இல்லை. கேட்கப் போகும்போது கையில் ஒன்று வைத்திருங்கள்: இறுக்கிய மண்கல்லுக்கு இலங்கைத் தரநிர்ணயம் இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 1382. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதில் பல ஆண்டு ஆய்வும் நடந்திருக்கிறது. "மண்வீடு" என்று சொன்னால் சிரிக்கிற அதிகாரி எஸ்.எல்.எஸ். இலக்கம் சொன்னால் கதிரை தருவார்.

பிழைப்புக்கு வருவோம். இறுக்கிய மண்கல்லில்தான் மேசனுக்கு உடனடி வழி இருக்கிறது. செம்மண் கிரவலோடு ஐந்து சதவீதமளவு சீமெந்து, கைப்பிடி இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கி, சூளையில் சுடாமல் நாலு கிழமை ஈரம் காத்து எடுப்பது. நூலும் தூக்குக்குண்டும் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு அதைக் கட்டப் பழக ஒரு கிழமை போதும். புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லில் 1989 முதல் இதற்கென்றே நிறுவனம் ஒன்று பயிற்சி கொடுத்துவருகிறது, தமிழ் பேசுகிற மேசன்மார் அங்கே நிறைய. இயந்திரம் தனி ஆளுக்கு விலை, நாலைந்து மேசன்மார் சேர்ந்து வாங்கினால்தான் கட்டும். குழைத்து வைக்கிற மண்சுவர் வேறு கணக்கு. அதில் பொருட்செலவு குறைவு, ஆள்செலவு அதிகம். மண்வீடு மலிவு என்று சொல்கிறவர் சொந்த உடம்பின் வேலைக்கு விலை போடாதவர். அதனால் அதை நாள்கூலிக்கு ஒத்துக்கொள்ளுங்கள், கொந்தராத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பு வேலியடைப்புக்கும் வீடு வேய்ச்சலுக்கும் ஊரே வந்தது, வேலை செய்தவனுக்குச் சாப்பாடு, அடுத்த கிழமை அவன் வீட்டுக்கு நாங்கள். அந்த ஏற்பாடு இருந்தவரை மண்வீடு உண்மையிலேயே மலிவு. பட்டறைகள் அதைத்தான் வேறு உருவத்தில் கொண்டுவரப் பார்க்கின்றன, மேசனாகிய நீங்கள் அதில் இலவச ஆளாய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்சுவருக்கு வெளியே சீமெந்துப் பூச்சுப் போட்டால் மழைக்குப் பயமில்லைத்தானே? – வாசகர், செட்டிகுளம்

போடாதீர்கள். சீமெந்து இறுகிக்கிடக்கும், பின்னால் மண் ஊதிச் சுருங்கும், கொஞ்ச நாளில் பூச்சு விட்டுப்போய் நடுவில் வெளி விழும். அந்த வெடிப்பால் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரைத் தின்னும், பூச்சு பிதுங்கி விழும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மண்பூச்சு, அல்லது சுண்ணாம்புப் பூச்சு. நீற்றாத சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடவேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் தராத இடத்தில் சுண்ணாம்பு வேலை பழகவேண்டாம்.

பட்டறைக்கு என்ன கொண்டுபோகவேண்டும்? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? – வாசகி, மல்லாவி

பழைய உடுப்பு இரண்டு சோடி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நுளம்பு வலை, உங்கள் வளவு மண் ஒரு பை. கைபேசியை மண் கையால் தொடவேண்டாம், குறிப்புக்கொப்பி போதும். பிள்ளைகளைத் தாராளமாய்க் கூட்டிப்போங்கள், மண் மிதிக்க அவர்களைவிட நல்ல ஆட்கள் இல்லை. மண் எடுத்த கிடங்குக்கு வேலி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் போனவுடன் பாருங்கள், மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும், பிள்ளை விழவும் இடம், டெங்கு நுளம்புக்கும் இடம்.